கோலாலம்பூர் பிளாட்ஃபார்ம் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

வணக்கம். பங்சார் சவுத்தில் குபர்னெட்டிஸ் கிளஸ்டர்களை, அதாவது மென்பொருள்களை ஓட்டும் கணினிக் கூட்டங்களை, பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். கிளஸ்டரின் ஏபிஐயோடு, அதாவது அதற்குக் கட்டளையும் கேள்வியும் போய்ச்சேரும் வாசலோடு, ஒரு புதுச் சேவையை இணைக்குமுன், அதைக் கடைசி நாள் வரை கவனிக்கப்போவது யார் என்று முடிவு செய்துவிடுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டு விருந்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு சோதனை நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பகுதி) அழித்தேன். அது ‘டெர்மினேட்டிங்’ (அழிந்துகொண்டிருக்கிறது) என்றே நின்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. எப்போதோ நீக்கிய ஒரு கருவியின் பாட்கள் (அதன் நிரல் ஓடும் பொதிகள்) போய்விட்டன; அதை ஏபிஐயோடு இணைத்த ‘ஏபிஐசர்வீஸ்’ பதிவு மட்டும் அப்படியே கிடந்தது. நேம்ஸ்பேஸை அழிக்கும்போது, பதிவான ஒவ்வொரு ஏபிஐயிடமும் “உன்னிடம் என்னென்ன வகைப் பொருள்கள்?” என்று குபர்னெட்டிஸ் விசாரிக்கும். ஒன்று பதில் தராவிட்டாலும், தெரிந்ததை அழித்துவிட்டுக் காத்திருக்கும். அது செய்வது நியாயம்தான். உள்ளே என்ன மிச்சம் என்று தெரியாமல் எப்படி முடிந்தது என்று சொல்லும்? அன்று விருந்துக்கு நான் போகவே இல்லை.

ஏபிஐயோடு இப்படிச் சேவையை இணைக்கும் வசதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘கியூப்சிடிஎல் டாப்’ கட்டளை காட்டும் சிபியு, மெமரி அளவுகள் மெட்ரிக்ஸ் சர்வர் இப்படி இணைந்திருப்பதால்தான் கிடைக்கின்றன. மாறிக்கொண்டே இருக்கும் அந்த அளவுகளை எட்சிடியில் (கிளஸ்டரின் தரவுக் கிடங்கில்) எழுதி வைப்பதில் பயனில்லை. அதற்குத் தனிச் சர்வர்தான் சரி. ஆனால் சில அமைப்பு விவரங்களைச் சேமிக்க மட்டும் என்றால், 2019இல் வந்த குபர்னெட்டிஸ் 1.16 பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்ட சிஆர்டி (புது வகைப் பொருளைக் கிளஸ்டரிலேயே வரையறுக்கும் வசதி) போதுமே! அதற்குத் தனிச் சர்வரும் வேண்டாம், தனிச் சான்றிதழும் வேண்டாம்.

இணைத்தே ஆக வேண்டுமா? சரி, ஒரே ஒரு ‘பாட்’ போதும் என்று நம்பி விடாதீர்கள். “என்னென்ன வகைப் பொருள்கள்?” என்று மேலே சொன்ன டிஸ்கவரி கேள்விக்கு 5 நொடிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் டிஎல்எஸ் சரிபார்ப்பை (மறுமுனையின் சான்றிதழைச் சோதிப்பதை) அணைத்துவிட்டு அப்படியே புரொடக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள். இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்குகிறது. இன்னொன்று: மெயின் ஏபிஐ சர்வர் பயனர் பெயரைக் கோரிக்கையின் ஹெடரில் (தலைப்பகுதியில்) வைத்துத்தான் உங்கள் சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்பியது அதுதானா என்று சான்றிதழைப் பார்க்காமல் நம்பினால், உங்கள் ‘பாட்’ வரை நேரடியாக எட்டக்கூடிய எவரும் அட்மின் வேடம் போடலாம்.

அப்புறம், கருவியை நீக்கும் நாளில் ‘கியூப்சிடிஎல் கெட் ஏபிஐசர்வீஸ்’ என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். ‘அவைலபிள்’ பத்தியில் ‘ஃபால்ஸ்’ என்று ஏதாவது நின்றால், அதை அன்றே தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி, பங்சார் சவுத்