ஹெக் டேட் யாருக்காகச் சட்டத்தை வளைத்தார்? நாவலின் முடிவைப் பாடமாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலுக்கு வழிகாட்டி நூல் எழுதுகிறவர்கள், வினாத்தாள் அமைக்கிறவர்கள், விடைத்தாள் திருத்துகிறவர்கள் ஆகியோருக்கு இதை எழுதுகிறோம். 1960 ஜூலையில் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற இந்த நாவலுக்கு அறிமுகம் தேவையில்லை. தேவைப்படுவது, அதன் கடைசி நான்கு அத்தியாயங்களை நீங்கள் இன்னொரு முறை நிதானமாகப் படிப்பதுதான்.

28 முதல் 31 வரையிலான அத்தியாயங்களுக்கு வழக்கமாகத் தரப்படும் சுருக்கம் இது: கெட்டவன் பாப் யூவெல் செத்தான், ஊரே பயந்த, வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லி (இயற்பெயர் ஆர்தர்) வழக்கறிஞர் அட்டிகஸின் பிள்ளைகள் ஜெம்மையும் ஸ்கௌட்டையும் காப்பாற்றினார், ஸ்கௌட் பிறர் இடத்தில் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டாள், நியாயம் வென்றது. முதல் மூன்றும் சரி. நான்காவது நாவலில் இல்லை. நாவல் வேறு ஒன்றைச் சொல்கிறது, அது அவ்வளவு இனிப்பானது அல்ல.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கேயே பாதி விடைத்தாள்கள் சறுக்குகின்றன. ஹாலோவீன் இரவு, பள்ளி நிகழ்ச்சி முடிந்து ஜெம்மும் ஸ்கௌட்டும் இருட்டில் நடந்து வருகிறார்கள். கோழிக்கூட்டுக் கம்பி வலையை வளைத்துத் துணி போர்த்திய பன்றித்தொடை வேடத்தை ஸ்கௌட் இன்னும் கழற்றவில்லை. தாக்குதலில் ஜெம்மின் கை முழங்கையில் முறிகிறது. பிறகு ஷெரீஃப் ஹெக் டேட் அந்தக் கம்பி வலையில் ஒரு பளபளப்பான கீறலைக் காட்டுகிறார். யூவெல் வெறுமனே மிரட்ட வரவில்லை என்பதற்கு அந்தக் கீறல் சாட்சி.

அடுத்தது கத்தி. யூவெலின் விலாவில் செருகியிருந்தது சமையலறைக் கத்தி. டேட்டின் கையில் இருப்பதோ ஒரு விசைக்கத்தி. எங்கே கிடைத்தது என்று அட்டிகஸ் கேட்டதும், குடிகாரன் ஒருவனிடமிருந்து பறித்தேன் என்கிறார், சாவகாசமாக. சமையலறைக் கத்தியை யூவெல் குப்பைமேட்டில் பொறுக்கியிருப்பான் என்று கதை கட்டுவதும் அவரே. இரண்டையும் சேர்த்துப் படித்தால், யூவெல் கொண்டுவந்தது விசைக்கத்தி, சமையலறைக் கத்தி ராட்லி வீட்டிலிருந்து வந்தது என்று ஊகிக்க இடமிருக்கிறது. நாவல் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே "யூவெல் தன் கத்தி மேலேயே விழுந்து இறந்தான்" என்று எழுதும் மாணவர், நடந்ததை எழுதவில்லை. ஷெரீஃபின் அறிக்கையை நகலெடுக்கிறார். அந்த வரியை அப்படியே அச்சடித்திருக்கும் வழிகாட்டிகள் உண்டு. தயவுசெய்து திருத்துங்கள்.

இனி 30-ஆம் அத்தியாயத்தில், அட்டிகஸ் வீட்டு முன்திண்ணைக் காட்சி. மாணவர்கள் தடுமாறுவது இங்கே ஒரே காரணத்தால்தான்: இரண்டு பெரியவர்கள் வெகுநேரம் இரண்டு வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள். குத்தியது ஜெம் என்று அட்டிகஸ் நம்புகிறார். ஷெரீஃப் தன் மகனைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, அப்படி ஒரு சலுகை வேண்டாம், விஷயம் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்கிறார். ஊருக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம் என்று தன்னால் வாழ முடியாது என்றும் சொல்கிறார். டேட்டோ ஜெம்மைப் பற்றியே பேசவில்லை. அவர் மனத்தில் இருப்பவர் திண்ணையின் இருட்டு மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆர்தர் ராட்லி. ஒரு குற்றத்தைத் தடுக்கக் குடிமகன் தன்னால் ஆனதைச் செய்வது சட்டத்துக்கு விரோதம் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை என்று பெயரைச் சொல்லாமலே டேட் பேசும்போதுதான் அட்டிகஸுக்கு உறைக்கிறது.

அந்தப் பேச்சில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்தர் தண்டனை பெறுவார் என்ற பயம் டேட்டுக்கு இல்லை. அவர் அஞ்சுவது பாராட்டுக்கு. தன் மனைவி உட்பட ஊர்ப் பெண்கள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு ராட்லி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், கூச்ச சுபாவம் உள்ள மனிதரை வெளிச்சத்துக்கு இழுப்பது பாவம் என்கிறார். அதாவது, சட்டம் தன் போக்கில் போயிருந்தாலும் ஆர்தர் வீடு திரும்பியிருப்பார். தப்பிக்க வேறு வழியே இல்லாத ஒருவருக்காகச் சட்டம் வளையவில்லை. விடுதலை ஏறத்தாழ உறுதியான ஒருவரின் மன அமைதிக்காக வளைந்தது. "ஷெரீஃப் ஆர்தரைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றினார்" என்று எழுதும் விடைகளுக்கு நாவலில் ஆதாரம் கிடையாது.

இதன் பக்கத்தில் 17-ஆம் அத்தியாயத்தை விரித்து வையுங்கள். பாப் யூவெலின் மகள் மயெல்லாவைப் பலாத்காரம் செய்ததாகக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன்மீது வழக்கு, அவருக்காக வாதாடுபவர் அட்டிகஸ். அதே ஹெக் டேட், சாட்சிக் கூண்டில். மயெல்லாவை அடித்தது யார் என்று அவளிடமே கேட்டார், டாம் ராபின்சன் என்றாள், போய் அவரைக் கூட்டிவந்தார், அவள் அடையாளம் காட்டினாள், அடைத்தார். அவ்வளவுதான் நடந்தது என்கிறார் அவரே. மருத்துவரைக் கூப்பிட்டீர்களா என்று அட்டிகஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இல்லை, தேவைப்படவில்லை. எந்தக் கண் வீங்கியிருந்தது? முதலில் இடது என்கிறார், பிறகு யோசித்து, அவளுக்கு வலது என்று திருத்துகிறார். திருத்தியதும் ஏதோ புரிந்தவரைப் போலக் கண் சிமிட்டி, டாமைத் திரும்பிப் பார்க்கிறார். டாமின் இடது கை சிறுவயதிலேயே பஞ்சு அரைக்கும் எந்திரத்தில் சிக்கிப் பயனற்றுப் போனது. வலது கையைவிட ஓரடி குட்டை. எதிரில் நிற்பவரின் வலது கன்னத்தில் விழும் அடி பெரும்பாலும் இடக்கை அடி. யூவெல் இடக்கைக்காரர்.

டேட்டுக்கு அந்த நொடியில் உண்மை தெரிந்துவிட்டது என்பதே எங்கள் வாசிப்பு. தெரிந்த பிறகு என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. திண்ணைக் காட்சியில் தடயத்தைப் படித்து, கத்தியை மறைத்து, அறிக்கையைத் தானே எழுதி, அட்டிகஸையே மடக்கும் இந்த மனிதரிடம் அன்று அதிகாரம் இல்லாமல் இல்லை. மருத்துவரைக் கூப்பிடும் அதிகாரமாவது இருந்தது.

ஒரு ஷெரீஃப் என்ன செய்துவிட முடியும், காலம் அப்படி என்பார்கள். காலத்தையே பார்ப்போம். 1931-இல் அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு. சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. அங்கே சில மணி நேரத்துக்குள் மருத்துவர்கள் அந்தப் பெண்களைப் பரிசோதித்தார்கள். அந்த மருத்துவச் சாட்சியம் புகாரோடு ஒத்துப்போகவில்லை என்பதை முக்கியக் காரணமாக வைத்து, 1933-இல் நீதிபதி ஜேம்ஸ் ஹோர்ட்டன், அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஹேவுட் பேட்டர்சன் குற்றவாளி என்ற ஜூரியின் தீர்ப்பை ரத்து செய்தார். 1934 தேர்தலில் பதவியை இழந்தார். நாவல் நடப்பதும் அதே மாநிலம், அதே ஆண்டுகள். ஒரு அதிகாரி செய்யக்கூடியது இருந்தது, அதற்கு விலையும் இருந்தது. திண்ணையில் டேட் செய்ததற்கு விலை எதுவும் இல்லை. ஹோர்ட்டன் ரத்து செய்த பிறகும் பேட்டர்சன் விடுதலையாகவில்லை, மீண்டும் விசாரித்து மீண்டும் தண்டித்தார்கள் என்பதையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'ஒரு நல்லவர் போதும்' என்ற இன்னொரு இனிப்பு முளைத்துவிடும்.

இன்னும் முன்னால் போகலாம். 3-ஆம் அத்தியாயத்தில், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஸ்கௌட்டுக்கு அட்டிகஸ் ஒரு விஷயம் சொல்கிறார். யூவெல் பிள்ளைகள் முதல் நாள் மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும் என்று ஊர் விட்டுவிட்டது. பாப் யூவெல் பருவம் இல்லாத காலத்தில் வேட்டையாடினாலும் யாரும் கேட்பதில்லை. சில நேரங்களில் சட்டத்தைக் கொஞ்சம் வளைப்பது நல்லது. நாவலில் சட்டம் முதலில் வளைவது பாப் யூவெலுக்காக. கடைசியில் வளைவது பாப் யூவெலைக் கொன்றவருக்காக. நடுவில் டாம் ராபின்சன். அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தார், குறுக்கு விசாரணை நடந்தது, ஜூரி சில மணி நேரம் உட்கார்ந்து யோசித்தது, மேல்முறையீட்டுக்கும் வழி இருந்தது. சட்டம் ஒரு இம்மியும் வளையவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகி, 17 குண்டுகளோடு சிறைப்பண்ணையில் விழுந்தார். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் வைத்தது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒருவேளை தற்செயல்தான் என்றாலும், வாசகர் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

டேட் ஆர்தருக்குச் செய்தது கெடுதல் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த மனிதரைப் பொறுத்தவரை அது நல்ல முடிவு. டேட்டுக்கு ஆதரவாகவும் ஒரு வாசிப்பு உண்டு: காரணமில்லாமல் ஒரு கறுப்பினப் பையன் செத்தான், அதற்குக் காரணமானவனும் செத்தான், செத்தவர்களைச் செத்தவர்களே புதைக்கட்டும், இந்த முறை என்கிறார். அந்த 'இந்த முறை'யில் போன முறை குறித்த குற்றவுணர்வு இருக்கிறது என்று ஒரு மாணவர் வாதிட்டால் முழு மதிப்பெண் கொடுங்கள். ஆனால் டேட் போடும் கணக்கில் டாமின் உயிருக்கு ஈடு யூவெலின் உயிர். அந்தக் கணக்கை டாமின் மனைவி ஹெலனிடம் யாரும் கேட்கவில்லை. கடைசி நான்கு அத்தியாயங்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூடப் பேசுவதில்லை.

ஸ்கௌட்டின் வரிக்கு வருவோம். ஆர்தரை வெளிச்சத்துக்கு இழுப்பது, யாருக்கும் தீங்கு செய்யாத பாட்டுப்பறவையான மாக்கிங்பேர்டைச் சுடுவது மாதிரி என்கிறாள். உடனே எல்லா வழிகாட்டியும் 'மாக்கிங்பேர்ட் = பூ ராட்லி' என்று கட்டம் போட்டு முடித்துவிடுகிறது. 25-ஆம் அத்தியாயத்தில் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட், டாமின் சாவைப் பாட்டுப்பறவைகளை வேட்டைக்காரர்களும் சிறுவர்களும் கொல்வதோடு ஒப்பிட்டு எழுதிவிட்டார். பறவை ஏற்கெனவே ஒரு முறை சுடப்பட்டாயிற்று. ஸ்கௌட் இரண்டாவது பறவையைக் காப்பாற்ற ஒப்புக்கொள்கிறாள், எட்டு வயதுக் குழந்தைக்கு அது பெரிய புரிதல். முதல் பறவையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கட்டத்தில் அடைப்பது உங்கள் வேலை, அவளுடையது அல்ல.

அட்டிகஸ் சொன்ன சொல்லைத் தானே சில நிமிடங்களில் மீறுகிறார் என்பதும் விடைகளில் வருவதே இல்லை. ஊரில் ஒன்று, வீட்டில் ஒன்று முடியாது என்றவர், யூவெல் கத்தி மேல் விழுந்தான், உன்னால் புரிந்துகொள்ள முடியுமா என்று மகளிடம் கேட்கிறார். அந்தப் பொய் குடும்பத்தில் எவ்வளவு ஊறியது என்பதற்குப் புத்தகத்தின் முதல் பக்கமே சாட்சி: பல ஆண்டுகள் கழித்து ஜெம்மின் கை முறிந்ததைப் பற்றி அண்ணனும் தங்கையும் பேசும்போது, அதை 'விபத்து' என்றே ஸ்கௌட் எழுதுகிறாள்.

ராட்லி வீட்டுத் திண்ணையில் ஸ்கௌட் நின்று ஊரைப் பார்க்கும் 31-ஆம் அத்தியாயக் காட்சியை நீங்கள் எல்லோரும் நன்றாகவே விளக்குகிறீர்கள், அதை விட்டுவிடுவோம். கடைசி உரையாடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மனிதர்கள் நல்லவர்கள்தான், கடைசியில் நாம் அவர்களைப் பார்க்கும்போது என்று அட்டிகஸ் சொல்வதை நாவலின் செய்தியாகப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு கதையைப் பற்றிப் பேசும் குழந்தைக்கு அப்பா சொன்ன பதில் அது. டாமைப் பன்னிரண்டு பேர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வகுப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு பாடவேளை. முதலாவதில் 30-ஆம் அத்தியாயத்தை அட்டிகஸ், டேட், ஸ்கௌட், கதைசொல்லி என நான்கு பேர் வாய்விட்டுப் படிக்கட்டும். ஐந்தாவதாக ஒரு மாணவர் ஆர்தராகப் பேசாமல் உட்காரட்டும். அவர் பேசுவது நாவல் முழுவதிலும் ஒரே ஒரு முறை, அதுவும் அடுத்த அத்தியாயத்தில், வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி. நீதிமன்றம் என்று அட்டிகஸ் சொன்னதும், ஜெம் குத்தவில்லை என்று டேட் சொன்னதும், விசைக்கத்தி வெளியே வந்ததும் என மூன்று இடங்களில் நிறுத்தி, 'இந்த நொடியில் அட்டிகஸ் நம்புவது என்ன, டேட் அறிந்தது என்ன' என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இதைத் தவிர்த்தால் அட்டிகஸ் மகனுக்காகப் பொய் சொன்னார் என்ற தலைகீழ் விடை வந்தே தீரும். இரண்டாவது பாடவேளையில் 3, 17, 25, 30 ஆகிய அத்தியாயங்களின் உரிய பக்கங்களை மட்டும் நகலெடுத்து அருகருகே வையுங்கள்.

வினாத்தாளில் 'டேட் செய்தது சரியா?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று இரண்டு பத்திகளில் தப்பித்துவிடுவார்கள். 'நாவலில் சட்டம் யாருக்காக வளைகிறது, யாருக்காக வளையவில்லை? குறைந்தது மூன்று அத்தியாயங்களிலிருந்து சான்று தருக' என்று கேளுங்கள். விடைக்குறிப்பில் 'நியாயம் நிலைநாட்டப்பட்டது' என்ற வரிக்கு மதிப்பெண் ஒதுக்கியிருந்தால், அதை எடுத்துவிட்டு, மருத்துவர் அழைக்கப்படாததைக் குறிப்பிடும் மாணவருக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இந்நாவலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்