பின்சக்கரத்தில் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் 26 வருடமாக லேத் ஓட்டுகிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பழைய கியர் சைக்கிள் ஒன்றால் என் மகள் பட்ட பாட்டை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை இப்போது அவள் தம்பி ஓட்டுகிறான். கல்லூரிக்குப் போகும் வழியில் டெக்ஸ்டூல் பாலம் ஏற வேண்டும் என்பதால் அவளுக்குக் கியர் வைத்த சைக்கிள் தேடினோம். புதிது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தூசி படிந்து நின்ற ஒன்று 3,200 ரூபாய்க்குக் கிடைத்தது. பிரேம் நேராக இருந்தது, ரிம்மில் கோட்டம் இல்லை. டயர் இரண்டும் மாற்றினேன். நல்ல பொருள் என்றுதான் வாங்கினேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஓட்ட ஆரம்பித்த மறுநாளே கியர் தகராறு. ஒரு கிளிக் போட்டால் செயின் நகராது, இரண்டாவது கிளிக்கில் படாரென்று தாவும். சில கியரில் கடகடவென்று சத்தம் நிற்காது. ஒரு கடையில் கேபிளை இழுத்துக் கட்டினார்கள். ஸ்டாண்டில் போட்டுச் சுற்றியபோது முதல் இரண்டு கியர் அழகாக விழுந்தது, 100 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் பழைய கதைதான். அடுத்த கடைக்காரர் செயின் முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 2,800 ரூபாய் ஆகும் என்றார். மூன்றாவது கடையில் டீரெய்லரில், அதாவது செயினைப் பக்கவாட்டில் தள்ளும் அந்தக் கையில், ஏதோ ஸ்குரூவைத் திருகிவிட்டு, "பாப்பாவுக்குக் கியர் போடத் தெரியலைங்க, பழகினாச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் அதை நம்பி, வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பாலத்தில் ஏறும்போது அவள் கடைசி கிளிக்கைப் போட்டிருக்கிறாள். செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி, அதற்கும் போக்ஸ் கம்பிக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ். காலை ஊன்றி விழாமல் தப்பித்தாள். பாலத்தின் ஓரமாகவே சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். மூன்று போக்ஸ் கம்பியில் செயின் அறுத்த தடம் பளபளவென்று தெரிந்தது.

அவள்தான் கண்டுபிடித்தாள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நான் செயினை விடுவித்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, கைப்பிடி லீவர்ல ஏழு வரைக்கும் நம்பர் போட்டிருக்கு, பின்னாடி ஆறு சக்கரம்தானே இருக்கு?" என்றாள். எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். மூன்று கடையிலும் யாரும் எண்ணவில்லை. 26 வருடமாக அளந்தே பிழைக்கிற நானும் எண்ணவில்லை.

அன்று வேலை முடிந்ததும் அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரிய பல்சக்கரம் வரை 27.5 மி.மீ. நடுவில் ஐந்து இடைவெளி, ஆக ஒன்றுக்கு 5.5 மி.மீ. அப்புறம் கேபிளை அவிழ்த்து மார்க்கர் வைத்துப் பார்த்ததில் லீவர் ஒரு கிளிக்குக்குக் கிட்டத்தட்ட 2.9 மி.மீ. இழுக்கிறது. இந்த வகை டீரெய்லர் அந்த இழுப்பை 1.7 மடங்காக்கிச் செயினைத் தள்ளும். கணக்குப் போட்டால் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். அது 7 கியர் செட்டுக்கான அளவு. சக்கரம் கேட்பது 5.5, லீவர் கொடுப்பது 5.

ஒரு கிளிக்குக்கு அரை மி.மீ. வித்தியாசம் என்றால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அது கிளிக்குக்குக் கிளிக் கூடிக்கொண்டே போகிறது. முதல் பல்சக்கரத்தில் சரியாகப் பொருத்தினால் மூன்றாவதில் ஒரு மி.மீ. தள்ளி நிற்கும், ஆறாவதில் இரண்டரை மி.மீ. அதாவது இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே, எதிலும் உட்காராமல். கேபிளை இழுத்துக் கடைசியைச் சரி செய்தால் முதலாவது கெடும். இதனால்தான் கடையில் சரியானது ரோட்டில் கெட்டது. லீவரின் கடைசி கிளிக்குக்குப் போக இடமே இல்லை. டீரெய்லரில் இருக்கும் இரண்டு எல்லை ஸ்குரூக்களில் உள்பக்கத்துக்கானது செயினை அங்கே தடுத்து நிறுத்த வேண்டும். கடைசி கியர் விழவில்லை என்று அந்த ஸ்குரூவைத்தான் மூன்றாவது கடையில் தளர்த்தியிருக்கிறார்கள். என் மகளைப் பாலத்தில் நிறுத்தியது அந்த ஸ்குரூதான்.

பழைய காலத்து கியர் லீவரில் கிளிக்கே கிடையாது. சத்தத்தைக் கேட்டுக் கையால் மெல்ல நகர்த்தி ஓட்டுவார்கள், பின்னால் எத்தனை சக்கரம் இருந்தாலும் ஓடும். 1984இல் சைக்கிள் பாகம் செய்யும் ஷிமானோ கம்பெனி தன் டூரா ஏஸ் கியர் செட்டில் கிளிக் முறையைக் கொண்டு வந்த பிறகு அது மெல்ல மலிவு சைக்கிள் வரைக்கும் வந்துவிட்டது. கிளிக் வந்தபின் லீவர், டீரெய்லர், ப்ரீவீல் (பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கு) மூன்றும் ஒரே அளவு பேச வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் போதாது. ஸ்ராம் கம்பெனியின் சில லீவர்கள் கேபிளை இழுக்கும் அளவே வேறு, அதை ஷிமானோ டீரெய்லரோடு சேர்த்தால் எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது. எங்கள் சைக்கிளில் முன்பு 7 பல்சக்கர ப்ரீவீல் இருந்து தேய்ந்திருக்கும், கிடைத்த 6ஐ யாரோ போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தப்பும் இருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் கியர் தானாக மாறியது. கியர் கேபிளின் மேலே வரும் அவுட்டரை வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பி. அது பிரேக் அவுட்டர். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில், விளக்குமாற்றுக் குச்சியை அடுக்கின மாதிரி நேராக ஓடும், அதனால் வளைத்தாலும் நீளம் மாறாது. பிரேக் அவுட்டர் வளைந்தால் நீளம் கொஞ்சம் மாறும், இழுத்தால் கொஞ்சம் அமுங்கும். பிரேக்குக்கு அது பரவாயில்லை. அரை மி.மீ. கணக்குப் பார்க்கிற கியருக்கு ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புக் குழாய்தான்.

டவுன்ஹால் பக்கம் அலைந்து 6 கியர் லீவர் ஒன்று 260 ரூபாய்க்கு வாங்கினேன். இன்னர் கேபிளும் கியர் அவுட்டரும் 120. செயினை மாற்றச் சொன்னார்களே, அதை ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். 24 கண்ணி சரியாக 12 இன்ச் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் தாண்டியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கோட்டிலேயே நின்றது, மாற்றவில்லை. 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே அகலச் செயின் ஓடும் என்பதால் அதில் சிக்கலும் இல்லை. எல்லை ஸ்குரூவை இறுக்கி, அறுபட்ட மூன்று கம்பியையும் மாற்றினேன். எல்லாம் சேர்த்து 440 ரூபாய். 2,800 சொன்ன இடத்தில்.

கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒற்றைப் பல்சக்கரச் சைக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கிறவர்கள் அவர்கள். அரசு மிதிவண்டிகளை ஓட வைப்பதும் அவர்கள்தான். கியர் வேலையை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐடிஐகளில் கியர் சைக்கிளுக்கு ஒரு வாரப் பயிற்சி மாலை நேரத்தில் நடத்தினால் வருவார்கள். நடத்துகிறவர்கள் கேட்டால் வெர்னியரோடு நானும் வருகிறேன்.

பழைய கியர் சைக்கிளை விற்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லீவரில் எத்தனை, பின்சக்கரத்தில் எத்தனை என்று எண்ணிச் சொல்லி விற்கட்டும். ஒரு நிமிட வேலை. ஒத்துவராவிட்டால் அதையும் சொல்லட்டும், விலையைக் குறைத்துக்கூட வாங்கிக்கொள்வோம். கியர் சரியில்லை என்பதற்காகவே நல்ல பிரேம்கள் பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போவதை எங்கள் பட்டறைக்கு எதிரிலேயே பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கியர் விழவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால், திட்டுவதற்கு முன்னால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். நான் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா, அந்த ஏழு நம்பர் லீவரை என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பின்னால் ஏழு பல்சக்கரமும் முன்னால் உடைந்த லீவருமாக யாராவது கஷ்டப்பட்டால் உங்கள் மூலம் தெரிவிக்கட்டும், கொடுத்துவிடுகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
லேத் தொழிலாளி ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.