மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. கோழிகளைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாய். எனக்குச் சேறுதான் கண்ணில் பட்டது. வலையடைப்பின் கதவருகே கணுக்கால் புதையும் அளவுக்குக் குழைந்து கிடக்கிறது. சாம்பல் நிறப் பெட்டை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்று இரவு அது அடைந்த பிறகு மெல்ல எடுத்து, பாதத்தைக் கழுவித் திருப்பிப் பார். நடுவில் கறுப்புப் பொருக்கும் சுற்றிலும் வீக்கமும் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டு. நீயே கத்தி வைக்காதே. ஈரத்தில் ஊறிய தோலில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

மறுபடியும் வைக்கோல் போட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போட்ட அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்கும். மிதிபட்டதும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகும், பூஞ்சை பூக்கும். அது கோழியின் நுரையீரலுக்கு ஆகாது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். மழை விட்ட பிறகு தெரியாது. பெய்யும்போதே குடையோடு போய் நில். படத்தில் கூரை விளிம்புக்கு நேர் கீழே மண் கோடு கிழித்தது போல் குழிந்திருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். உன் கூட்டின் கூரை 12 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர், அத்தனையும் கோழிகள் கிளறுகிற இடத்தில் கொட்டுகிறது. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து கூரை ஓரத்தில் சற்றே சாய்வாக மாட்டு. தண்ணீரை வெளியே விடு. மறுமுனையை மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல். ஓர் ஆளால் சாய்வு பார்த்து மாட்ட முடியாது.

அடுத்தது பின்பக்க மேடு. அங்கிருந்து இறங்கும் தண்ணீரை வலைக்கு வெளியிலேயே ஓர் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டித் திருப்பு. மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். கயிறு கட்டி மட்டம் பார்த்துக்கொள், கண் ஏமாற்றும். வலையடைப்பிலிருந்து வடிகிற, கோழி எச்சம் கலந்த தண்ணீர் கீரைப் பாத்திக்கோ கிணற்றுப் பக்கமோ போய்விடக் கூடாது. மேலிருந்து வருவதைத் திருப்பாமல் கீழே என்ன கொட்டினாலும் வீண்.

அது முடிந்த பிறகு, குழைந்த மேல்மண்ணை வழித்து எடு. வெறும் மண் இல்லை அது, எச்சம் ஊறிய மண். அதற்கு மேல் மரச்சில்லு 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பு. மரத்தூள் வேண்டாம், கூழாகிவிடும். கதவருகில்தான் கோழிகள் கூடும், அங்கே அடியில் கொஞ்சம் சரளையும் போடு.

கூட்டுக்குள் நாற்றம் இல்லை என்று சொன்னாய். நின்றுகொண்டு மோந்தால் தெரியாது. முட்டி போட்டுக் கோழியின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பார்; கண் கரித்தால் அம்மோனியா. உள்ளே இருக்கும் கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கித் திற. உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, உதிர்ந்தால் சரி.

புதிதாகக் குஞ்சுகள் வாங்கப் போவதாகச் சொன்னாயே, சேறு காயும் வரை வேண்டாம். இரத்தக்கழிச்சல் கிருமி எச்சத்தோடு வெளியே வந்து, சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். பெரிய கோழி தாங்கும், குஞ்சு தாங்காது.

அந்தக் கதவை நீயே செய்தாய் என்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கீல் சாயவில்லை, தாழ்ப்பாள் நேராக விழுகிறது. நம் வீட்டில் உளியைப் பிடிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஆனால் எல்லாவற்றையும் ஒருத்தியே செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? முன்பெல்லாம் நீ அனுப்பும் படங்களில் மாப்பிள்ளைதான் கோழியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். இப்போது கோழிகள் மட்டும்தான் இருக்கின்றன. வேலை அதிகமாக இருக்கும். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் மேலே கேட்கவில்லை. உன் அத்தை விஷயத்திலும் அவள் கேட்காமல்தான் இருந்தாள், உனக்குத் தெரியும்.

தொலைபேசியில் பேசும்போது மழையைப் பற்றியே பேசுகிறாய். பேசு, கேட்கிறேன். ஆனால் வாரக்கணக்கில் எடுக்காமல் இருக்காதே.

வாய்க்கால் வெட்ட இரண்டு பேர் வேண்டும். கூரை வேலைக்குக் கட்டாயம் வேண்டும், ஈரத் தரையில் ஏணி வழுக்கும். மாப்பிள்ளையால் முடியாது என்றால் ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. எந்த நாள் என்று மட்டும் எழுது. முந்தின நாளே மட்டப்பலகையோடு வந்துவிடுகிறேன். அம்மாவும் வருவாள், அவள் எத்தனை நாள் தங்குவாள் என்பதை நீயே சொல்.

அன்புடன்,
அப்பா