பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மேடையேறும் இசைக்குழுக்களின் தம்பி தங்கையருக்கும், மைக் பிடிக்கும் அறிவிப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் நான் இருக்கும் இடம் தெரியும். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவிக்கு மேல் குனிந்தபடி இருப்பவன் நான். களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கோயில் திருவிழா, கலியாண மண்டபம், பாடசாலை விழா என்று எதுவானாலும் ஒலி அமைப்புப் போடுகிறவன். உங்கள் பாட்டை உங்கள் வீட்டாரைவிட அதிகம் கேட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கவர் என்று நீங்கள் சொல்வதைத்தான் கோயில் மேடைகளில் காலங்காலமாகச் செய்துவருகிறோம். யாருடைய பாட்டு என்று சொல்லாமல் பாடுவதும், நகலைக் கேட்டு நகல் எடுப்பதுமே என் வழக்கு.

அண்மையில் கல்முனைப் பக்கம் ஒரு கலியாண வரவேற்பு. பாட வந்த தங்கைக்கு நல்ல குரல். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடப் போவதாகச் சொன்னார். "விட்னி ஹியூஸ்டன் எழுதிப் பாடிய பாடல்" என்று அறிவிப்பாளர் முழங்கினார். கீபோட்காரத் தம்பி பென் டிரைவைச் செருகினார். பதிவுசெய்த பின்னணி இசையான ட்ராக்கில் சாக்சபோன் முடிந்ததும் மூன்றாவது சரணத்தைக் காணவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்குகிறதென்று யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சாக்சபோன் ஓய்ந்த அடுத்த கணமே அந்தப் பெரிய ட்ரம் அடி விழுந்தது. பாவம் அந்தத் தங்கை, மூச்செடுக்கவும் இடமில்லாமல் மேல் சுருதிக்குத் தாவினார். நான் ஒலி அளவுக் குமிழான ஃபேடரை இறக்கியிராவிட்டால் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

அந்தப் பாட்டை எழுதியவர் டொலி பார்ட்டன். அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகி. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனர் என்பவரின் நிகழ்ச்சியிலிருந்து விலகும்போது அவருக்கு விடை சொல்ல எழுதிய பாட்டு இது. (கலியாண வீட்டில் பாடுகிறோம்!) 1974 இல் இசைத்தட்டு வந்தது. எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பினார். ஆனால் பதிப்புரிமையில் பாதியைத் தரவேண்டும் என்று எல்விஸின் முகாமையாளர் நிபந்தனை போட்டார். அந்தக் காலத்தில் எல்விஸ் கேட்டு யார் மறுப்பார்? டொலி மறுத்தார். பிறகு 1992 இல் ஒரு திரைப்படத்துக்காக விட்னி பாடியபோது, அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. எழுதியவருக்கு உரிய பணம் டொலியிடமே போய்ச் சேர்ந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விடயம். விட்னியின் பதிவைத் தயாரித்த டேவிட் ஃபோஸ்டர், 1975 இல் லிண்டா ரொன்ஸ்டாட் பாடிய பதிவைக் கேட்டுத்தான் முதலில் வேலை செய்தார். அதில் கடைசிச் சரணம் கிடையாது. டொலியோடு தொலைபேசியில் பேசியபோதுதான் ஒரு சரணம் விடுபட்டிருப்பது அவருக்குத் தெரியவந்தது. விட்டுப் போகிறவள் வாழ்த்துகிற சரணம் அது: வாழ்க்கை உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கிடைக்கட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு கிடைக்கட்டும். டொலி அதைப் பாடாமல் பேச்சாகச் சொல்லியிருப்பார். விட்னியின் பதிவில் அந்த வாழ்த்து முடிந்து, ஒரு கண மௌனம், ட்ரம் அடி, அதன் பிறகுதான் குரல் ஒரு சுரம் மேலேறுகிறது. உலகமே வாய்பிளந்த அந்த ஏற்றம் அந்தச் சரணத்தின் தோளில் நிற்கிறது. கல்முனையில் வெட்டி எறிந்ததும் அதைத்தான். கலியாணத்துக்குப் பொருந்துகிற ஒரே சரணமும் அதுதான்.

எனக்கு டொலியின் பதிவுதான் நெருக்கம். விட்னியுடையது பெரிய சாதனை, சந்தேகமில்லை. முதல் முக்கால் நிமிடத்துக்குக் கிட்ட வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? உங்களில் ஒருவராவது அதை ட்ராக் இல்லாமல் முயன்று பாருங்கள், மைக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை, இன்னொரு பொப் பாடகரான ஏ. ஈ. மனோகரன் பாட்டு என்று அறிவிக்கிறீர்கள். மனோகரன் புகழோடு நிலைக்க 'சுராங்கனி' இருக்கிறது, இன்னொருவர் பாட்டு அவருக்குத் தேவையில்லை. அந்தச் 'சுராங்கனி'யையோ 1977 இல் வந்த ஓர் இந்தியப் படத்தில் இளையராஜா இசையில் கேட்டதால் சினிமாப் பாட்டு என்கிறீர்கள். இலங்கையில் பிறந்த பொப் பாட்டை இலங்கை மேடையிலேயே பெயர் மாற்றி ஊர் மாற்றி விடுகிறோம். பைலாப் பாட்டுக்குத் தாளம் கொடுத்த கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தை ஆடிவருகிற, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் மேடையில் ஒரு சொல் இல்லை.

கூத்துக் களரியில் இப்படிச் செய்வோமா? பழக்கிய அண்ணாவியார் யார் என்று தெரியாமல் ஒரு கூத்து அரங்கேறியதை நான் பார்த்ததில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், இசை, பாடியவர்கள், வரிகள் என்று சொல்லித்தான் நம் பெற்றோரின் காதைப் பழக்கினார்கள். அதற்குச் சில விநாடிகளே பிடித்தன. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் பெயர் சொல்லப்படுவதை அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. பொருளாதார உரிமை அவர் ஆயுளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும். கோயில் மேடைக்கு யாரும் வழக்கறிஞரை அழைத்துவரப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சட்டத்தைக் கடைசியில் வைத்தேன்.

ஒத்திகைக்கு முன் முதல் பதிவைத் தேடிக் கேளுங்கள். இப்போது அது கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. சரணம் எத்தனை என்று எண்ணிவிட்டு, வெட்டத்தான் வேண்டுமென்றால் தெரிந்து வெட்டுங்கள். எனக்கு அனுப்பும் பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே எழுதியவர், முதலில் பாடியவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். மைக்கில் சொல்ல நேரமில்லை என்று அறிவிப்பாளர் முகம் சுளித்தால், மேடைத் திரையில் நானே எழுத்தாகப் போட்டுவிடுகிறேன். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கமாட்டேன். பட்டியல் மட்டும் நிகழ்ச்சிக்கு முதல் நாளே கைக்கு வரவேண்டும், மேடையேறும் நேரத்தில் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதித் தந்தால் ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
மிக்சருக்குப் பின்னால் இருப்பவன்,
மட்டக்களப்பு