ரிசீவரை விற்றுவிடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மாடியேறி ஆண்டெனாக் கம்பியை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு மாலைப் பொழுதுகள் முழுவதும் எனக்கே சொந்தமாகிவிட்டன. பெரும்பாலும் ரிசீவரின் முன்னால்தான் கழிகின்றன.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் உடனே பேனாவை எடுக்க வைத்தது. உன் சிற்றலை ரிசீவரான ஐகாம் ஆர்75-ஐ விற்றுவிட்டு, கணினியின் யுஎஸ்பியில் செருகி மென்பொருளால் வானொலி கேட்கும் எஸ்டிஆர் குச்சி வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். குச்சியைத் தாராளமாக வாங்கு. ஓர் அலைவரிசைத் துண்டு முழுவதையும் ஒரே நேரத்தில் திரையில் பார்ப்பது பெரிய வசதிதான். ஆனால் அந்த மலிவான குச்சிகள் டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. 2012 வாக்கில்தான் ஆர்வலர்கள் அவற்றை வானொலிக்குப் பழக்கினார்கள். சிக்னலை எண்ணாக்கும் அவற்றின் மாற்றி வெறும் 8 பிட்தான்; வலுவான ஒலிபரப்பு அருகில் இருந்தால் மெல்லிய சிக்னலைத் தொலைத்துவிடும். உன் ரிசீவரின் வடிகட்டிகள் அந்த இடத்தில்தான் தம் வேலையைக் காட்டும். கணினி வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், உன்னிடம் இருப்பதையே கணினியோடு இணைத்துவிடலாம்.

பின்பக்கம் ‘ரிமோட்’ என்று எழுதிய சிறிய ஜாக் இருக்கிறது, பார். ஐகாம் ரிசீவர்களைக் கணினியால் இயக்கும் சிஐ-வி இணைப்பு அதுதான். ஒரே ஒரு கம்பி, கூடவே எர்த். பேசுவதும் கேட்பதும் அந்தக் கம்பியிலேயே. அது 5 வோல்ட்டில் இயங்குவது. பழைய சீரியல் போர்ட்டை நேராக அதில் கொடுத்துவிடாதே, அதன் மின்னழுத்தம் நேர், எதிர் என இரு பக்கமும் 5 வோல்ட்டைவிட அதிகமாகப் போகும். இதற்கென்றே விற்கும் யுஎஸ்பி கேபிள் போதும்.

அதில் ஓடும் கட்டளை ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன், எல்லாம் பதினாறடிமான எண்கள்: எஃப்இ எஃப்இ 5ஏ இ0 05 00 00 10 14 00 எஃப்டி. முதல் இரண்டும் ‘கவனி’ என்ற அழைப்பு. 5ஏ உன் ரிசீவரின் முகவரி, இ0 கணினியின் முகவரி. 05 என்றால் அதிர்வெண்ணை மாற்று. அடுத்த ஐந்தும் 14.100 மெகாஹெர்ட்ஸ், ஹெர்ட்ஸ் கணக்கில் பத்து இலக்கமாக எழுதி, இரண்டிரண்டாக வெட்டி, பின்னிருந்து முன்னாக அடுக்கியிருக்கிறார்கள். எஃப்டி முற்றுப்புள்ளி. ரிசீவர் ஏற்றுக்கொண்டால் எஃப்பி என்று பதில் வரும், மறுத்தால் எஃப்ஏ. கம்பி ஒன்றே என்பதால் கணினி அனுப்பியது அதற்கே எதிரொலியாகவும் திரும்பும். நிரல் அதைத் தள்ளிவிட்டுப் பதிலை மட்டும் படிக்க வேண்டும். இதையெல்லாம் நீயே எழுத வேண்டியதில்லை, ஹேம்லிப் என்ற இலவச மென்பொருள் செய்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் அனுப்பி, டயலைத் தொடாமலே எண் மாறுவதைப் பார். எனக்கு இன்னும் அந்த மகிழ்ச்சி தீரவில்லை.

வெறுமனே நிலையம் மாற்றுவதற்கு என்றால் இத்தனை தூரம் சொல்ல மாட்டேன், விரலே போதும். ரிசீவரை அளவுக் கருவியாக்க முடிகிறது என்பதுதான் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் உள்ள பீக்கன்கள், அதாவது சிக்னல் எட்டுகிறதா என்று சோதிக்கவே இயங்கும் தானியங்கி ஒலிபரப்பிகள், முறை வைத்து ஒலிக்கின்றன. மொத்தம் 18 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 நொடி. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிகிறது. முதலில் மோர்ஸில் அழைப்புக் குறி, பிறகு ஒவ்வொன்றும் ஒரு நொடி நீளமுள்ள நான்கு கோடுகள்: 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட். ஒவ்வொரு படியும் 10 டெசிபல் இறக்கம். 15 02 என்ற கட்டளையால் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரின் அளவை எண்ணாகவே வாங்கலாம். இரவு முழுவதும் கணினி அதைக் குறித்துக்கொண்டே இருக்கும். காலையில் வரைபடமாகப் போட்டால், எந்தத் திசைக்கு எப்போது வழி திறந்தது, எப்போது அடைபட்டது என்று தெரிந்துவிடும். கேட்டுக் கேட்டு நாம் இத்தனை காலம் ஊகித்தது அது. சில பீக்கன்கள் பழுதாகி ஓய்ந்திருப்பதுண்டு. கோடு வராவிட்டால் உடனே வானத்தைக் குற்றம் சொல்லாதே.

கணினியே இரைச்சல் கிளப்பும், அதை முதலில் அடக்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி எஸ்-மீட்டரைப் பார். முள் இறங்கினால் பேட்டரியிலேயே ஓட்டு. கேபிளின் இரு முனைகளிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டு. ஆண்டெனாக் கம்பி வீட்டை விட்டு எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டு பேரும் ஒரே இரவில் பதிவு செய்து, வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் ஆண்டெனா கிழக்கு மேற்காகக் கட்டியதா, வடக்கு தெற்காகவா என்று எழுது. ரிசீவரை மோர்ஸுக்கான சிடபிள்யூ முறையில் வை, ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் ஏஜிசியை வேகத்தில் போடு. இல்லாவிட்டால் நான்கு கோடுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிசெய்த பிறகே ஆரம்பி. சில நொடி தள்ளினால்கூட ஒரு பீக்கனின் கணக்கு அடுத்ததன் பெயரில் விழுந்துவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்