தூளிக் கொக்கி

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள மைதிலி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாடிப் போர்ஷனை 2028 மகாமகத்துக்குள் சரிசெய்து, நாள் வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக விடு. 2016 மகாமகத்தில் உன் வீட்டுத் திண்ணையில்கூட ஆட்கள் படுத்திருந்ததைப் பார்த்தவள்தானே நான். ஆனால் "கைக்குழந்தையோடு வருபவர்கள் வேண்டாம் என்று போட்டுவிடலாம் என்கிறார் இவர்" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் மாடியை வாடகைக்கு விட ஆரம்பித்தபோதும் அப்படித்தான் போட்டோம். மூன்றே மாதத்தில் அந்த வரியை எடுத்துவிட்டோம். இங்கே அறை கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இடுப்பில் ஒரு குழந்தையோடுதான் வருகிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், ஆஸ்பத்திரி, வேலை மாறி வந்து வீடு தேடுகிறவர்கள். இன்னொன்று, ஏர்பிஎன்பி என்கிற அறை வாடகைத் தளத்தில் 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தை ஆள் கணக்கிலேயே சேராது. அதனால் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காமல், குழந்தை உண்டா, எத்தனை மாதம் என்று தனியாகக் கேட்டுவிடு.

முதலில் வந்தது ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவன், மனைவி, எட்டு மாதப் பையன், கூடவே பாட்டி. இரவு பதினொரு மணி. குழந்தைக்கென்று வாங்கிப் போட்டிருந்த மரத்தொட்டிலைப் பெருமையாகக் காட்டினேன். தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று படித்துவிட்டு, கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்து வாங்கியது. பாட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "கொக்கி இல்லீங்களா?" என்றார்.

ஒரு மணி வரை பையன் அழுகை நிற்கவில்லை. அப்புறம் மேலே ஸ்டூல் இழுக்கிற சத்தம். இவர் ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தையின் அப்பா ஸ்டூல் மேல் ஏறி ஃபேனைக் கழற்ற முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்! நல்லவேளை, ஹாலில் மாமனார் காலத்து ஊஞ்சல் வளையம் இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து ஆடிய வளையம். கயிறும் என் பழைய சுங்குடிப் புடவையும் கொடுத்தேன். பாட்டி முடிச்சுப் போட்ட வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் வீடே அடங்கிவிட்டது.

ஆனால் எல்லோருக்கும் தூளி கட்டித் தருவதில்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும், தலையணை கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். தூளியில் உடம்பு வளைந்து மோவாய் நெஞ்சில் இடிக்கும். அந்தப் பாட்டி விடியும்வரை கயிற்றை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அசதியில் தூங்கிவிடுகிற இளம் தம்பதியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்குத் தொட்டில்தான். கேட்டால், "ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வந்தவர்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஏழு மாதப் பெண் குழந்தை. காலை எட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டுமாம். அந்தப் பெண் மூன்றரைக்கு அலாரம் வைத்திருந்தாள். மேலே அது அடித்ததும் எனக்கும் முழிப்பு வந்துவிட்டது. பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். தூங்குகிற குழந்தையின் உள்ளங்காலைச் சுரண்டிச் சுரண்டி எழுப்பிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவள் புருஷன் மணியைப் பார்த்து, "போதும்மா" என்றான். இவள் எடுக்க, குழந்தை விடாமல் இழுத்தது. ஆறு மணிக்குப் பசித்து அழ ஆரம்பித்தபோது கொடுக்க முடியாமல் மூன்று பேரும் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார்கள். ஆறரைக்கு ஆட்டோ வந்தது. பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்கிற சட்டத்தை நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மத்தியானம் திரும்பி வந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்கள். சுத்தம் செய்ய என்று குழந்தைக்கு 300 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து அதுவும் இல்லை.

எல்லாம் இப்படி உருக்கமாக இருக்காது, பயப்படாதே! ஒரு ஜோடி டயப்பரைக் கமோடில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டது. பிளம்பருக்கு 1,800 ரூபாய் அழுதோம். இங்கே குப்பைக்கு வேறு தனி இலக்கணம். ஈரக்குப்பை பச்சைத் தொட்டியில், உலர்ந்தது பையில், டயப்பர் மாதிரியானது பேப்பரில் சுற்றிச் சிவப்புத் தொட்டியில். மாறிப்போனால் குப்பை எடுக்க வரும் பௌரகார்மிக அம்மா வாசலிலேயே நின்று கன்னடத்தில் என் மானத்தை வாங்கிவிடுவார். அதனால் வந்ததும் தொட்டிகளைத்தான் முதலில் காட்டுகிறேன். வீட்டைச் சுற்றிக் காட்டுவது அப்புறம்.

மெத்தைக்கு ரப்பர் ஷீட் இரண்டு வாங்கு, ஒன்று காயும்போது ஒன்று வேண்டும். கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதே. பால்கனிக் கிராதியில் உன் கை முஷ்டி நுழைந்தால் வலை அடித்துவிடு. டிவி ரிமோட்டின் பேட்டரி மூடியை டேப் போட்டு ஒட்டு. வட்டமான பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தண்ணீர்க் கவலை உனக்கு இல்லை. நாங்கள்தான் உன் காவிரியையே 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் செய்து குடிக்கிறோம். கோடையில் அதுவும் தகராறு. குழந்தையோடு வருபவர்களுக்கு என்று இரண்டு டிரம் தனியாக நிரப்பி வைக்கிறேன்.

முக்கியமாக, அவர்களாகக் கேட்க மாட்டார்கள். ராத்திரி பாட்டில் கொதிக்க வைக்க அடுப்பைப் பற்றவைக்கலாமா, நனைந்த துணியை எங்கே போடுவது, அழுதால் கீழே தொந்தரவா என்று தயங்கித் தயங்கி நிற்பார்கள். நானே படியேறும்போது சொல்லிவிடுகிறேன்: "அழட்டும், கீழே நாங்கள்தான் இருக்கிறோம். எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம்." இரண்டாவது பொய். உனக்குத் தெரியும்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். உன் மாடி ஹாலில் நாம் இரண்டு பேரும் நின்றுகொண்டு ஆடி, உன் அப்பாவிடம் திட்டு வாங்கிய ஊஞ்சலின் வளையம் இன்னும் இருக்கிறதா? வெள்ளையடித்து மூடியிருந்தால் கொத்தனாரிடம் சொல்லிச் சுரண்டிப் பார்க்கச் சொல். துரு ஏறியிருந்தால் வேண்டாம், புதிதாகப் போட்டுக்கொள். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சரோ