பெருங்காற்றும் ஐந்து ஷில்லிங்கும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டாய், தெரியும்.

ரிட்டயர் ஆகி அந்த மழையில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். செத்துப்போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் மனைவி வீட்டு ஆட்கள்தான்.

என் மாமியாருக்குச் சொந்த ஊர் அயர்லாந்தின் மேயோ கவுண்டி. அவருடைய கொள்ளுப்பாட்டியைப் பற்றி ஒரு கதை, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்வார். 1839 ஜனவரி 6 ராத்திரி இந்த நாட்டையே புரட்டிப்போட்ட புயலுக்கு இங்கே 'பெருங்காற்று இரவு' என்றே பெயர். அன்று வைக்கோல் கூரை பிய்த்துக்கொண்டு போக, கொள்ளுப்பாட்டியை அவள் அப்பா மடியில் இறுக்கிப் பிடித்தபடி விடியவிடிய உட்கார்ந்திருந்தாராம்.

சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையான சென்சஸ் தாள்கள் ஏறக்குறைய மொத்தமும் சாம்பல். அதற்கடுத்த நாலு சென்சஸை அரசாங்கமே ஒழித்துக்கட்டியிருந்தது. அந்தத் தீக்கு முன்னால் எடுத்ததில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டுதான். கத்தோலிக்கக் கோயில் ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே சாமியார்களிடம் இருந்ததால் தப்பின. இப்போது தேசிய நூலகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

முதலில் சென்சஸ். 1901-இல் அவளுக்கு வயது 55. ஐரிஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. 1911 தாளைத் திறந்தால் வயது 72! பத்து வருஷத்தில் பதினேழு வயது ஏறிவிட்டாள். நான் வேறு யாரோ என்று மூடியே வைத்துவிட்டேன். ஆனால் அதே வீடு, அதே மகன்.

பிறகுதான் உறைத்தது. 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன். அயர்லாந்தில் எல்லாப் பிறப்பையும் பதிய ஆரம்பித்ததே 1864-இல்தான். கிழவிகளிடம் பர்த் சர்டிபிகேட் ஏது? 'பெருங்காற்று ஞாபகம் இருக்கிறதா' என்று கேட்பார்களாம். இருந்தால் எழுபது ஆகிவிட்டது என்று கணக்கு. ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது!

அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் தெரியாமல் கோயில் ஏட்டில் தேட முடியாது. அவள் மகளுக்கு, அதாவது மாமியாரின் பாட்டிக்கு, 1880-இல் எழுதிய பிறப்புப் பதிவில் அது கிடைத்தது. அப்புறம் பதினோரு நாள் ஏட்டோடு மல்லுக்கட்டினேன். கோணலாகப் படமெடுத்த பக்கம், மங்கின மசி, லத்தீன் வேறு. ஜேம்ஸ் அதில் யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மசி கொட்டிய கறைக்குக் கீழே, 'பிரிஜிதாம்' என்று அவள் பெயர். தாய் தகப்பன் பெயர், ஞானத் தாய் தகப்பன் பெயர், ஓரத்தில் சாமியார் வாங்கிய காசு. வருஷம் 1844.

புயலடித்து ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவள்.

இன்னும் பின்னால் புரட்டினேன். அதே தாய் தகப்பனுக்கு 1834-இல் ஒரு பெண் குழந்தை, கதரினா. கூரை பறந்தது நிஜமாகத்தான் இருக்கும், மாப்ள. அப்பாவின் மடியில் இருந்தது அக்காவாக இருக்க வேண்டும். சின்ன வயதில் அக்கா சொல்லக் கேட்டதைத் தங்கை பென்ஷன் ஆபீசரிடம் சொல்லியிருக்கிறாள், அப்புறம் பேத்திகளிடமும். நூறு வருஷமாக வீட்டில் ஓடுகிற கதை அது. அக்கா 1840-களின் பெரும் பஞ்சத்தில் செத்துப்போனாளா, அமெரிக்காவுக்குக் கப்பலேறினாளா, இன்னும் தேடுகிறேன்.

உனக்கு இது புரியும். ஒண்ணாங்கிளாஸில் சேர்க்க ஹெட்மாஸ்டர் உனக்கு ஒரு வயது கூட்டி எழுதி, அதனால் நீ ஒரு வருஷம் முன்னாலேயே ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போனவன். இவளுக்கு ஐந்து வயது கூடியது. வாரம் ஐந்து ஷில்லிங் வந்தது.

மாமியாரிடம் சொல்லலாமா கூடாதா என்று உன் தங்கச்சியும் நானும் இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். டீயை ஒரு வாய் குடித்தார். "எழுதப் படிக்கத் தெரியாதவளா அவள்!" என்றார். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் பழைய கதையையேதான் சொன்னார், கூரை மட்டும் இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறந்தது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். படி ஏறாதே.

உன்,
பழைய ரூம்மேட்